மூன்று பியூஸ் கட்டையும் அப்பாவின் மடியில்

எங்கள் மோட்டார் கொட்டகைக் கூரையில் ஒரு குண்டு பல்பு தொங்குகிறது. மோட்டாரை ஓட்டுகிற மும்முனை மின்சாரம், அதாவது த்ரீபேஸ், வந்தால் எரியும், போனால் அணைந்துவிடும். வீட்டுத் திண்ணையில் படுத்தபடியே பார்த்தால் முந்திரி மரங்களுக்கு நடுவில் அந்த வெளிச்சம் தெரியும். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அப்பா அந்தத் திண்ணையில்தான் படுக்கிறார். தலையைக் கொல்லைப் பக்கம் வைத்து, பாதிக் கண் மூடி. பல்பு எரிந்ததும் எழுந்து, டார்ச்சையும் கம்பையும் எடுத்துக்கொண்டு வரப்பு வழியே முந்நூறு மீட்டர் நடப்பார். பச்சைப் பொத்தானை அழுத்துவார். கையால் திருகுகிற முதல் கேட்வால்வைத் திறப்பார். ஒரு மணி நேரம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்துவிட்டு அதை மூடி அடுத்ததைத் திறப்பார். விடியும்போது திரும்பி வருவார்.

பண்ருட்டிக்குப் பக்கத்தில் செம்மண் கொல்லை எங்களுக்கு. மொத்தம் மூன்றரை ஏக்கர். ஒரு ஏக்கரில் கத்தரி, ஒன்றரை ஏக்கரில் கொய்யா, வீட்டை ஒட்டி ஒரு சுரைப் பந்தல், மிச்சம் முந்திரி. தண்ணீர் போர்வெல்லில் இருந்து வருகிறது. ஏழரை குதிரைத் திறன் நீர்மூழ்கி மோட்டார். சொட்டுநீர் போட்டு நான்கு வருடம் ஆகிறது. சிறு, குறு விவசாயிகளுக்கு நூறு சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் என்று அரசு மானியம் கொடுக்கிறதே, அதில் போட்டது. சொட்டுநீர் வந்ததும் மடை திருப்புகிற வேலை போயிற்று. ராத்திரி நடப்பது மட்டும் போகவில்லை. விவசாய மின்சாரத்துக்கு 1990 முதல் தமிழ்நாட்டில் கட்டணம் கிடையாது. ஆனால் எங்கள் பக்கம் மும்முனை மின்சாரம் நாள் முழுக்க இருக்காது. பகலில் சில மணி, ராத்திரி சில மணி. எந்த மணி என்பது மாறிக்கொண்டே இருக்கும். மற்ற நேரத்தில் வீட்டு விளக்கு எரியும், மோட்டார் ஓடாது.

போன தை மாசம் கொட்டகைப் படியில் ஒரு கட்டுவிரியன் சுருண்டு கிடந்திருக்கிறது. அப்பா டார்ச்சை அடித்ததும் அது மெதுவாக நகர்ந்து செங்கல் இடுக்கில் போய்விட்டது. அவர் பாட்டுக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். எங்களிடம் அதைச் சொன்னது பத்து நாள் கழித்து, அதுவும் பேச்சோடு பேச்சாக. அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. நான் புதுச்சேரியில் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேபில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் கடலூர் வந்து பஸ் மாறி ஊருக்கு வருவேன். அந்த வாரம் பஸ்ஸில் உட்கார்ந்தே முடிவு பண்ணிவிட்டேன்: அப்பா ராத்திரியில் அந்த வரப்பில் நடக்கக் கூடாது.

மோட்டாரைப் போனில் போட்டு நிறுத்துகிற பெட்டி எங்கள் ஊரில் நிறையப் பேரிடம் இருக்கிறது. போன் பண்ணினால் மோட்டார் ஓடும். ஆனால் மோட்டார் ஓடினால் போதாது, வால்வு மாற வேண்டும். மூன்று ஏக்கர் சொட்டுநீரையும் ஒரே நேரத்தில் ஓட்டுகிற அளவுக்குத் தண்ணீர் கிடையாது. எனக்கு இரண்டையும் செய்கிற பெட்டி வேண்டும். ஆறு வால்வு வரை இணைக்கக்கூடிய ஒரு பாசனக் கட்டுப்பாட்டுப் பெட்டி, கரண்ட்டால் திறந்து மூடுகிற ஐந்து சோலினாய்டு வால்வு, வயர், சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைச் சேர்த்துப் பிரிக்கிற ரிலே என்று சேர்த்தால் முப்பதாயிரத்தைத் தொட்டது. சீட்டுப் பணம் எடுத்திருந்தேன், அதில் வாங்கினேன்.

வால்வு வந்த அன்று திண்ணையில் வைத்து ஒன்றைக் கழற்றினேன். அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்றுதான். அவர் கையில் முப்பது வருஷமாக இரும்புக் கேட்வால்வு பழகியிருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் குடுவைக்குள்ளே இருந்து ஏழரை குதிரை மோட்டார் தள்ளுகிற தண்ணீரை இரண்டு மெல்லிய கம்பி நிறுத்திவிடும் என்றால் அவரால் எப்படி நம்ப முடியும்? உள்ளே கை அகலத்துக்கு ஒரு ரப்பர் தகடு. அதன் ஓரத்தில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை. கீழே வருகிற தண்ணீரில் கொஞ்சம் அந்தத் துளை வழியாக மேலே ஏறி, தகட்டின் முதுகில் நின்றுகொள்ளும். மேல்பக்கம் தண்ணீர் அழுத்துகிற பரப்பு பெரிது, கீழ்ப்பக்கம் சின்னது. அதனால் தண்ணீரே தன் பாரத்தால் கதவை மூடி வைத்திருக்கும். கரண்ட் கொடுத்தால் சுருளுக்குள் இருக்கிற சின்ன இரும்புத் தண்டு மேலே எழும். முதுகில் நின்ற தண்ணீர் வேறு வழியில் வடியும். பாரம் போனதும் கீழிருக்கிற தண்ணீர் தகட்டைத் தூக்கிவிடும். கம்பி செய்கிற வேலை அந்தத் தண்டைத் தூக்குவது மட்டும்தான்.

அப்பா ரப்பரைக் கையில் வாங்கி, துளையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "இந்த ஓட்டையில மணல் அடைச்சுக்கிட்டா?" என்றார். அப்படி அடைத்தால் மேலே தண்ணீர் ஏறாது, வால்வு மூடவே மூடாது. பெட்டியோடு வந்த புத்தகத்தில் பதினோராம் பக்கத்தில் இருந்த விஷயத்தை அவர் ரப்பரைப் பார்த்த மாத்திரத்தில் கேட்டுவிட்டார். செம்மண் கொல்லையில் போர்வெல் தண்ணீரோடு பழகியவருக்கு மணல்தான் முதலில் ஞாபகம் வரும். ஏற்கெனவே இருந்த மணல் பில்டருக்கு அடுத்து, 130 மைக்ரான் டிஸ்க் பில்டர் ஒன்றை வைத்தது அந்தக் கேள்விக்கு அப்புறம்தான். வாரத்துக்கு ஒருமுறை அந்தத் தட்டுகளைக் கழற்றித் தொட்டியில் அலசுவது இப்போது அம்மாவின் வேலை. பாத்திரம் கழுவுகிற சுத்தம் அதில் தெரியும்.

வால்வுக்குப் போகிற மின்சாரம் 24 வோல்ட், ஏசி. ஒவ்வொரு வால்விலும் இரண்டு கம்பி. எல்லா வால்விலிருந்தும் ஒரு கம்பி சேர்ந்து ஒரே பொதுக் கம்பியாகப் பெட்டிக்கு வரும். இன்னொரு கம்பி தனித்தனியாக அதன் எண்ணுக்குரிய முனைக்குப் போகும். ஏசி என்பதால் இரண்டில் எதை எதில் மாட்டினாலும் வேலை செய்யும். ஐந்து வால்வுக்கு ஆறு கம்பி. இவ்வளவுதான் கணக்கு. லேபில் இதைவிடச் சிக்கலானதை எல்லாம் பண்ணியிருக்கிறேன். அதனால்தான் வயர் வாங்கும்போது யோசிக்கவில்லை. வால்வு எடுக்கிற கரண்ட் கால் ஆம்பியர்கூட இல்லை, எதற்குத் தடித்த வயர் என்று 0.5 சதுர மில்லிமீட்டர் வயரை வாங்கி வந்தேன்.

சுரைப் பந்தல் வால்வு முதல் தடவையிலேயே திறந்தது. கத்தரி வால்வுகளும் திறந்தன. கொய்யாக் கொல்லைக் கடைசி வால்வு மட்டும் 'உர்ர்' என்று முனகியது, திறக்கவில்லை. வயரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தேன்: 26 வோல்ட். சரியாகத்தான் வருகிறது! வால்வுதான் கெட்டது என்று நினைத்து, பந்தல் வால்வின் சுருளைக் கழற்றி இங்கே மாட்டினேன். அதுவும் முனகியது. இந்தச் சுருளை அங்கே மாட்டினேன். அங்கே நன்றாகத் திறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூரா இப்படியே போயிற்று. சாயங்காலம் ஆகி, அம்மா டீ கொண்டுவந்து வைத்தபோதுதான் புத்தி வந்தது. வயரைக் கழற்றாமல், வால்வு மாட்டியிருக்கும்போதே அளந்தேன். 18 வோல்ட்.

கரண்ட் ஓடாத வயரில் வோல்ட் குறையாது. கரண்ட் ஓடினால்தான் வயர் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். கடைசி வால்வு 180 மீட்டர் தூரம். போக வர 360 மீட்டர் கம்பி. அந்த மெல்லிய கம்பியில் இந்த நீளத்துக்குத் தடை ஏறக்குறைய 14 ஓம். வால்வு திறக்கிற அந்த நொடியில் எடுக்கிற கரண்ட், திறந்தபின் எடுப்பதைப் போல இரண்டு மடங்கு. கொய்யாவுக்குத் தண்ணீர் குறைவாகப் போதும் என்பதால் இரண்டு வால்வை ஒன்றாகத் திறக்கும்படி வைத்திருந்தேன். அதனால் பொதுக் கம்பியில் இரண்டு வால்வின் கரண்ட்டும் ஓடியது. எல்லாம் சேர்ந்து எட்டு வோல்ட்டைத் தின்றுவிட்டது. 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி என்றால் தடை மூன்றில் ஒரு பங்குதான். பழைய வயரை உருவிவிட்டுப் புதிதாக வாங்கினேன். கொல்லைக்கு வயர் இழுக்கிற யாராக இருந்தாலும் நான் சொல்வது இதுதான்: வால்வு எவ்வளவு கரண்ட் எடுக்கும் என்று மட்டும் பார்க்காதீர்கள், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் மாட்டியபடியே அளந்து பாருங்கள்.

வயர் போடுகிற பள்ளத்தை அப்பாவே வெட்டினார். ஒன்றரை அடி ஆழம். வயரை அப்படியே மண்ணில் போடாமல் பிவிசி குழாய்க்குள் விட்டோம், பெருச்சாளிக்குப் பயந்து. இணைப்புகளுக்கு ஜெல் நிரப்பிய மூடி கிடைக்கிறது. முறுக்கிய கம்பியை அதற்குள் அழுத்தி மூடினால் தண்ணீர் புகாது. இன்சுலேஷன் டேப் சுற்றுவது வீட்டுக்குச் சரி. ஈரமண்ணில் ஒரு மழைக்காலம் தாங்காது, உள்ளே பச்சை பூத்துவிடும். எங்கள் பக்கம் வருஷ மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டித்தான் கொட்டும். அந்த இரண்டு மாசத்தைத் தாங்குகிற மாதிரி வேலை செய்தால் மற்ற பத்து மாசம் தானாக ஓடும்.

இதுவரை 24 வோல்ட் கதை. கை பட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. மோட்டாரைக் கிளப்பி நிறுத்துகிற ஸ்டார்ட்டர் அப்படி இல்லை.

ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் மெயின் சுவிட்சை இறக்கி, மூன்று பியூஸ் கட்டையையும் அப்பா பிடுங்கினார். வெள்ளைப் பீங்கான் கட்டைகள், ஓரம் கறுத்தவை, ஒன்றில் முனை உடைந்திருக்கும். மூன்றையும் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, கட்டிலில் எனக்கு முதுகு காட்டாமல் உட்கார்ந்தார். நான் வேலை செய்த மூன்று மணி நேரமும் எழவில்லை. யாரோ வந்து கூப்பிட்டதற்கும் இருந்த இடத்திலிருந்தே பதில் சொன்னார். கட்டை தன் மடியில் இருக்கும்வரை என் கைக்குக் கரண்ட் வராது என்பது அவர் கணக்கு. அது சரியான கணக்கும்கூட. ஆலைகளில் இதற்குப் பூட்டும் எச்சரிக்கைச் சீட்டும் வைத்திருப்பார்கள். எங்கள் கொட்டகையில் துண்டு.

உள்ளே இருக்கிற ஏற்பாடு எளியது. பச்சைப் பொத்தானை அழுத்தினால் கான்டாக்டரின் சுருளுக்குக் கரண்ட் போய், அது மின்சாரத்தின் மூன்று முனையையும் மோட்டாருக்குச் சேர்க்கும். கூடவே ஒரு சின்னத் தொடர்பும் மூடிக்கொண்டு, பொத்தானிலிருந்து விரலை எடுத்த பிறகும் சுருளைத் தாங்கிப் பிடிக்கும். சிவப்பை அழுத்தினால் அந்தத் தாங்கல் அறுந்துவிடும். கரண்ட் போனாலும் அறுந்துவிடும். திரும்பக் கரண்ட் வந்தாலும் யாராவது போய்ப் பச்சையை அழுத்தாமல் மோட்டார் ஓடாது. ஆள் கை வைத்திருக்கும்போது மோட்டார் தானாகக் கிளம்பிவிடக் கூடாது என்று பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடு அது. அப்பா ராத்திரி நடந்ததற்கும் காரணம் அதேதான்.

நான் ஒரு தேர்வுச் சுவிட்ச் வைத்தேன். ஒரு பக்கம் திருப்பினால் பழையபடி பொத்தான்கள். இன்னொரு பக்கம் திருப்பினால் தாங்கல் தொடர்பு விலகி, அதன் இடத்தில் பெட்டியிலிருந்து வருகிற ரிலே வேலை செய்யும். ரிலே மூடினால் மோட்டார் ஓடும், திறந்தால் நிற்கும். மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தால் அறுத்துவிடுகிற ஓவர்லோடு ரிலேயின் தொடர்பு இரண்டு நிலையிலும் வரிசையில் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். அதைத் தாண்டி வயர் போட்டால் மோட்டார் எரிந்த பிறகுதான் தெரியும். எல்லாம் சரி. ரிலேயில்தான் தப்பு செய்தேன்.

அந்த ரிலே 24 வோல்ட் சுருள் உள்ளது, லேபில் நாங்கள் தினமும் பயன்படுத்துகிற வகை. அதன் தொடர்புகள் 250 வோல்ட் வரைக்கும்தான். எங்கள் ஸ்டார்ட்டரின் சுருளோ இரண்டு முனைக்கு நடுவே இருக்கிறது, 415 வோல்ட். பதினெட்டு நாள் ஓடியது. பத்தொன்பதாம் நாள் விடியற்காலையில் ரிலேயின் தொடர்பு பொறி பட்டு உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. பெட்டி நேரம் முடிந்து எல்லா வால்வையும் மூடிவிட்டது. மோட்டாருக்கு 'நில்' என்றும் சொல்லிவிட்டது. மோட்டார் நிற்கவில்லை. போக வழியில்லாத தண்ணீர் கொய்யாக் கொல்லை முனையில் குழாயை உடைத்துக்கொண்டு பனை உயரத்துக்குப் பீச்சியடித்தது. 6 கிலோ அழுத்தம் தாங்குகிற குழாய் அது. வால்வு எல்லாம் மூடியிருந்தால் அந்த மோட்டார் அதற்கு மேலும் தள்ளும்.

அப்பா ஓடினார். சிவப்பை அழுத்தினார், நின்றது. விரலை எடுத்தார், மறுபடி ஓடியது. திரும்ப அழுத்தினார், திரும்ப ஓடியது. எனக்குப் போன் பண்ணி அவர் சொன்னதை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது: "கண்ணு, இது என் பேச்சக் கேக்க மாட்டேங்குது." மெயினை இறக்கச் சொன்னேன். நான் சொல்வதற்குள்ளேயே இறக்கியிருந்தார்.

ஊரில் எங்களுக்கு வயர்மேன் வேலை பார்க்கிற மாமா ஒருவர் இருக்கிறார். மோட்டார் கொட்டகைகளிலேயே வளர்ந்தவர். அந்த ஞாயிற்றுக்கிழமை அவரை வரச்சொல்லிக் காட்டினேன். ரிலேயைத் திருப்பி அதன் முதுகில் பொடி எழுத்தில் இருந்ததை அவரே படித்துவிட்டு, "பாப்பா, உங்க இருபத்தி நாலு வோல்ட்டுக்கு இது ராஜா. நானூத்திப் பதினஞ்சுக்கு இது தாங்காதும்மா" என்றார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. வழியையும் அவரே சொன்னார். சின்ன ரிலே 230 வோல்ட்டை மட்டும் மாற்றட்டும். அந்த 230, நடுவில் வைக்கிற ஒரு துணைக் கான்டாக்டரின் சுருளுக்குப் போகட்டும். அந்தக் கான்டாக்டரின் கனமான தொடர்புகள் 415-ஐப் பார்த்துக்கொள்ளும். அவரவர் பலத்துக்கு அவரவர் வேலை. கூடவே தேர்வுச் சுவிட்சில் நடுநிலை ஒன்றும் வைத்தோம். அதில் திருப்பினால் ஸ்டார்ட்டருக்குப் போகிற வழி முழுக்க அறுந்துவிடும். குழாயில் ஒரு அழுத்தம் விடுவிக்கிற வால்வும் போட்டோம், இனிமேல் எது ஒட்டிக்கொண்டாலும் தண்ணீர் அந்த வழியாக வெளியேறட்டும் என்று. மோட்டார் நிற்கும்போது முதலில் மோட்டார், பிறகுதான் கடைசி வால்வு என்று பெட்டியில் நேரத்தையும் மாற்றினேன். வால்வு மாறும்போது அடுத்தது திறந்த பிறகுதான் முன்னது மூடும்.

ஸ்டார்ட்டர் மேல் சிவப்புப் பெயின்ட்டில் அப்பா எழுதினார்: 'மோட்டார் தானாக ஓடும். கட்டையைப் பிடுங்காமல் கை வைக்காதே.'

இவ்வளவும் முடிந்த பிறகுதான் உண்மையான பிரச்சினை கண்ணுக்குத் தெரிந்தது. சொல்லப்போனால் இந்தக் கட்டுரையையே அதைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன்.

நான் வாங்கிய பெட்டி கடிகாரத்தைப் பார்த்து ஓடுகிற பெட்டி. ராத்திரி 2 மணிக்குக் கத்தரி, 3 மணிக்குக் கொய்யா என்று வைத்தால் அந்த மணிக்கு வால்வைத் திறக்கும். அன்றைக்கு 2 மணிக்கு த்ரீபேஸ் இல்லையென்றால் வால்வு திறந்திருக்கும், மோட்டார் ஓடாது, மணி மட்டும் ஓடும். 2:40-க்குக் கரண்ட் வந்தால் கத்தரிக்கு இருபது நிமிடம்தான். நடுவில் போய் வந்தால் எந்தக் கொல்லை எவ்வளவு குடித்தது என்று யாருக்கும் தெரியாது. முதல் மாசத்தில் கத்தரியில் ஒரு பக்கம் துவண்டது, கொய்யா பக்கம் சேறாகக் கிடந்தது. அப்பா எதுவும் சொல்லவில்லை. மறுபடி திண்ணையில் கொல்லையைப் பார்த்துத் தலை வைத்துப் படுக்க ஆரம்பித்தார். அதைப் பார்த்தது எனக்குக் குழாய் வெடித்ததைவிட வலித்தது.

வீட்டுத் தோட்டத்துக்கும் புல்வெளிக்கும் செய்கிற பெட்டிகள், கரண்ட் எப்போதும் இருக்கும் என்ற நம்பிக்கையில் செய்தவை. மழை உணரிக்கென்று அவற்றில் இரண்டு முனை இருக்கும். மூன்று முனையிலும் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கிற பேஸ் ரிலேயை அதில் மாட்டினால் போதாதா என்று முயற்சி செய்து பார்த்தேன். வால்வு மூடிக்கொள்கிறது, ஆனால் உள்ளே மணி எண்ணுவது நிற்பதில்லை. எங்கள் கொல்லைக்கு நேரம் என்பது சுவர்க் கடிகாரத்தில் இல்லை. பல்பு எரிவதிலிருந்துதான் எங்கள் மணி தொடங்குகிறது. அப்பா இத்தனை வருஷமாக எண்ணியதும் அப்படித்தான். பல்பு அணைந்தால் அவர் கணக்கும் நிற்கும், மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். 'நேத்து கொய்யா பாதியில நின்னுச்சு' என்று காலண்டர் தாளில் எழுதி வைப்பார். எனக்கு அந்தக் காலண்டர் தாளைப் போல எண்ணுகிற பெட்டி வேண்டும்.

அப்படிப்பட்டதும் கிடைக்கிறது. பழைய பெட்டியைப் பாதி விலைக்கு மாடித்தோட்டம் வைத்திருக்கிற ஒரு தோழிக்குக் கொடுத்துவிட்டு அதை வாங்கினேன். வால்வு, வயர், ரிலே எல்லாம் அப்படியே. பெட்டி மட்டும் மாறியது. மெயின் சுவிட்சுக்கு அடுத்து ஒரு பேஸ் ரிலே இருக்கிறது. மூன்று முனையும் ஒழுங்காக, வரிசை மாறாமல், போதுமான வோல்ட்டோடு இருந்தால் மட்டும் அது ஒரு தொடர்பை மூடும். அந்தத் தொடர்பு மூடியிருக்கிற நிமிடங்களை மட்டும் பெட்டி எண்ணும். கரண்ட் போனால் இந்த வால்வுக்கு இன்னும் 35 நிமிடம் பாக்கி என்று நினைவில் வைத்துக்கொள்ளும். வந்ததும் அங்கிருந்து தொடரும். தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடினால் ஆம்பியர் குறையும். அதைப் பார்த்து நிறுத்துகிற ஏற்பாடும் அதிலேயே இருக்கிறது. போர்வெல்லுக்கு அது கட்டாயம் வேண்டும். நெய்வேலிப் பக்கம் ஒரு காலத்தில் துளை போட்டால் தண்ணீர் தானாகவே பொங்கி வந்ததாகத் தாத்தா சொல்வார். பழுப்பு நிலக்கரிக்குக் கீழே இருக்கிற நீரடுக்கு அவ்வளவு அழுத்தத்தில் இருந்தது; சுரங்கம் வெட்ட முடியாமல் அதை இறைத்துக்கொண்டேதான் வெட்டுகிறார்கள். எங்கள் போரில் இப்போது சித்திரை வந்தால் தண்ணீரைத் தேடிப் பைப்பை இறக்க வேண்டியிருக்கிறது.

கரண்ட் வந்த நொடியே மோட்டாரைப் போடக் கூடாது. ஒரே டிரான்ஸ்பார்மரில் எங்களோடு சேர்த்து நான்கு மோட்டார் ஓடுகிறது. நான்கும் தானியங்கி ஆகிவிட்டால் நான்கும் ஒரே நேரத்தில் கிளம்பும். கிளம்புகிற மோட்டார் ஓடுகிற மோட்டாரைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், வோல்ட் படுத்துவிடும், யாருடையதும் ஒழுங்காகக் கிளம்பாது. பக்கத்துக் கொல்லைச் சித்தப்பாவையும் மற்ற இரண்டு பேரையும் அப்பா கொட்டகைக்குக் கூப்பிட்டுப் பேசினார். சித்தப்பாவுக்கு 3 நிமிடம், எங்களுக்கு 6, அடுத்தவருக்கு 9, கடைசிக்காரருக்கு 12. இந்த நான்கு எண்ணும் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதியிருக்கிறது. போரில் ஏறி நின்ற தண்ணீர் இறங்கி அடங்குவதற்கும் அந்த நிமிடங்கள் உதவும்.

பெட்டிக்கு எர்த் தனியாகப் போட்டோம், கரியும் உப்பும் போட்டுக் குழி வெட்டி. இடியும் மின்னலும் வரும்போது நீளமான வயர்தான் முதலில் வாங்கிக்கொள்ளும். பெட்டியில் வயர் நுழைகிற துளைகளை எல்லாம் மெழுகுக் களிம்பால் அடைத்தேன். பல்லி உள்ளே போய்க் கான்டாக்டருக்கு நடுவில் செத்துக் கிடப்பது எங்கள் ஊரில் எல்லா ஸ்டார்ட்டரும் பார்த்திருக்கிற விஷயம்.

எவ்வளவு நேரம் விடுவது என்பதில் எனக்கும் அப்பாவுக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை. நான் கணக்குப் போட்டேன். கத்தரி ஒரு ஏக்கரில் ஐந்தடிக்கு ஒரு லேட்டரல் என்கிற மெல்லிய குழாய், அதில் இரண்டடிக்கு ஒரு சொட்டுவான், ஒவ்வொன்றும் மணிக்கு 4 லிட்டர். மொத்தம் 4,350-க்கு மேல் சொட்டுவான்கள், மணிக்கு ஏறக்குறைய 17,400 லிட்டர். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 4,047 லிட்டர். ஆக, ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 4.3 மில்லிமீட்டர் மழை பெய்த மாதிரி. பங்குனி வெயிலில் நாளைக்கு ஐந்து மில்லிமீட்டர் காய்கிறது என்று வைத்துக்கொண்டால் எழுபது நிமிடம் விட வேண்டும். அப்பா கேட்டுக்கொண்டார். பிறகு கத்தரிப் பாத்தியில் கையை விட்டு, நாலு விரல் ஆழத்திலிருந்து மண்ணை அள்ளி உள்ளங்கையில் பிடித்து அழுத்தினார். உருண்டையாக நின்றது. கட்டை விரலால் தட்டினார், உடைந்து உதிர்ந்தது. "அம்பது நிமிசம் வை. பூ வர்ற நேரம், வேர் கொஞ்சம் தேடட்டும்" என்றார். ஐம்பது வைத்தேன். காய்ப்பு வந்ததும் எழுபதாக்கச் சொன்னார், ஆக்கினேன். அந்த மண் உருண்டையைப் பெட்டிக்குள் கொண்டுவர வழி தெரிந்தால் கொண்டுவருவேன். மண் ஈரம் பார்க்கிற உணரிகள் இருக்கின்றன. ஆனால் பூ வருவதை அவை எப்படிப் பார்க்கும்?

போன மாசம் ஊரில் இருந்தபோது ஒரு ராத்திரி நானே திண்ணையில் படுத்தேன். ஒன்றே முக்காலுக்குப் பல்பு எரிந்தது. போனில் மணி பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாவது நிமிடம் சித்தப்பா மோட்டார் சத்தம். ஆறாவது நிமிடம், தூரத்தில் கான்டாக்டர் விழுகிற 'டக்' காதில் விழுந்ததா, நானே கற்பனை பண்ணிக்கொண்டேனா தெரியவில்லை; கொஞ்ச நேரத்தில் பந்தல் பக்கம் லேட்டரலில் காற்று சீறி, தண்ணீர் வந்தது. வீட்டுக்குள்ளே எட்டிப் பார்த்தேன். அப்பா கூடத்தில் மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அம்மா மட்டும் விழித்திருந்தாள். "ஓடுதா?" என்று கண்ணாலேயே கேட்டாள். தலையாட்டினேன்.

ஆறு முனையில் ஐந்துதான் நிறைந்திருக்கிறது. எங்கள் கொல்லையில் பதினான்கு பலா மரம் இருந்தது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியபோது பதின்மூன்று வேரோடு சாய்ந்தது. அதற்குப் பிறகு அப்பா பலா வைக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தவர், ஆறாவது முனையை விரலால் தொட்டு, "இதுல பத்துப் பலாக் கன்னுக்குப் போதுமா?" என்றார். போதும் என்றேன். அறுபது மீட்டர் வயர் வாங்கி வைத்திருக்கிறேன், 1.5 சதுர மில்லிமீட்டர். பள்ளத்துக்குக் கயிறு பிடித்து அவர் கோடு போட்டுவிட்டார்.